சிறுமலை அடிவாரமா, வைகைக் கரையா? வாடிப்பட்டிச் சமவெளியின் பழம்பெருவழியும் ஊர்ப்பெயர்களும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வரும் நெடுஞ்சாலை கொடைரோட்டைக் கடந்ததும் சிறுமலையின் அடிவாரத்தை ஒட்டித் திரும்பி, வாடிப்பட்டி, சமயநல்லூர், பரவை, விளாங்குடி என்று நகரை நெருங்குகிறது. 1875-இல் மதுரைக்கு வந்த இருப்புப்பாதையும் பெரும்பாலும் இதே இடைவெளியைத்தான் பற்றிக்கொண்டது. வடக்கே சிறுமலை, தெற்கே வைகையும் நாகமலைத் தொடரும் என இருபுறமும் கட்டுண்ட இச்சமவெளியில் வேறு வழி ஏது என்று கேட்பது இயல்பு. அதனாலேயே வாடிப்பட்டிச் சாலையைச் சங்க காலப் பெருவழியின் நேரடித் தொடர்ச்சியாகவும், உரோமப் பொன்னும் சேரநாட்டு மிளகும் கைமாறிய தடமாகவும் கொள்ளும் எண்ணம் எளிதில் எழுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. இச்சமவெளி வழியே ஒரு பழம்பெருவழி சென்றது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஆனால் அச்சான்றுகள் சுட்டுவது சிறுமலை அடிவாரத்தை அல்ல, அதற்குத் தெற்கே சில கிலோமீட்டரில் ஓடும் வைகைக் கரையை. அடிவாரச் சாலை முதன்மை பெற்றது மிகப் பிற்காலத்தில். இவ்விரு தடங்களின் வயது வேறுபாட்டை இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களும் காட்டுகின்றன, அவற்றைத் தனித்தனியாக அல்லாமல் பரவலாக வைத்துப் படித்தால்.

முறையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் உரோமச் சாலைகளைத் தேடுவோர் கையில் மூன்று கருவிகள் உள்ளன: நேர்கோட்டில் இட்ட கற்பாவுத் தளம், தொலைவு பொறித்த மைல்கற்கள், அக்கற்களிலிருந்தே பிறந்த ஊர்ப்பெயர்கள். இத்தாலியில் குவின்டோ, செஸ்டோ, செட்டிமோ என வழங்கும் ஊர்கள் நகரிலிருந்து ஐந்தாம், ஆறாம், ஏழாம் மைல்கல் நின்ற இடங்கள். அங்கே ஊர்ப்பெயரே சாலையின் அளவுகோல். தமிழ்நாட்டில் இம்முறையை அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழையில் முடியும். நம் பெருவழிகள் கல் பாவியவை அல்ல. வண்டியும் பொதிமாடும் மழைக்கேற்ப இடம் மாற்றிக்கொண்டு சென்ற அகன்ற தடங்கள். தொலைவு காட்டும் கற்கள் இங்கு இல்லாமல் இல்லை. நாவற்தாவளத்துக்கு எத்தனை காதம் என்று எழுத்தாலும் குழிகளாலும் சொல்லும் அதியமான் பெருவழிக் கற்கள் தருமபுரிப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. கோவைக்கு அருகே இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு உண்டு. ஆனால் இவை இடைக்காலத்தவை. எனவே சங்க காலத்தைப் பொறுத்தவரை சாலையைத் தேடுவதைவிட, மக்கள் திரும்பத் திரும்ப நடந்த நிலப்பட்டையைத் தேடுவதே முறை. அப்பட்டையின் வயதை அதன் மேலிருக்கும் எழுத்துச் சான்று சொல்ல வேண்டும்.

அடிவாரச் சாலைக்கு ஆதரவாக முதலில் முன்வைக்கத் தோன்றுவது சிலப்பதிகாரம். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன், கொடும்பையிலிருந்து மதுரைக்குச் சூலம் போல் மூன்றாகப் பிரியும் வழிகளைக் கோவலனுக்குச் சொல்கிறான். வலப்பக்க வழியில் சிறுமலை வருகிறது. சிறுமலை என்றதும் வாடிப்பட்டியை நினைப்பது எளிது. ஆனால் அம்மலையை வலங்கொண்டு செல்லுமாறு அவன் கூறுவதைக் கவனிக்க வேண்டும். கொடும்பை எனப்படும் கொடும்பாளூர் மதுரைக்கு வடகிழக்கே இருக்கிறது. தெற்கு நோக்கி நடப்பவனுக்குச் சிறுமலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டுமானால் அவன் மலையின் கிழக்கே, இன்றைய நத்தம் வழியாக வர வேண்டும். திண்டுக்கல், வாடிப்பட்டி வழியாக வருபவனுக்கு மலை இடக்கைப் பக்கமே நிற்கும். வலங்கொள்ளுதல் என்பது வழிபாட்டு மரபைக் குறிக்கும் சொல், திசைக்குறிப்பு அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியே கொண்டாலும் முடிவு மாறாது: வழிபாட்டு வலமும் பொருளை வலக்கையில் வைத்து நடப்பதே. தவிர, கொடும்பாளூரிலிருந்து மதுரைக்கு வருபவன் சிறுமலையின் மேற்குப்புறத்துக்குச் சுற்றிப் போக ஒரு காரணமும் இல்லை. ஆக மதுரைக் காண்டத்தின் முற்பகுதி வாடிப்பட்டிக்குச் சான்றாகாது.

அதே காப்பியத்தின் பிற்பகுதி தருவதோ மிக நேரான சான்று. மதுரை எரிந்தபின் கண்ணகி மேற்கு வாயில் வழியே வெளியேறி, வைகையின் ஒரு கரையைப் பற்றி நடந்து, நெடுவேள் குன்றத்தில் ஏறுகிறாள். காப்பியத்தின் காலம் பற்றிய விவாதம் இங்கே தடையாகாது. மதுரையிலிருந்து சேரநாட்டு மலைக்குப் போக ஆற்றங்கரையே வழி என்பதைக் கவிஞர் விளக்க வேண்டிய செய்தியாகக் கருதவில்லை, கேட்போர் அறிந்த ஒன்றாகவே கொண்டு கூறிச் செல்கிறார். கவிதை மட்டும் போதாது என்பவர்களுக்குக் கல் இருக்கிறது. மதுரைக்கு மேற்கே தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் உள்ள குகைத்தளங்களைக் குறித்துப் பார்த்தால், நகரை அடுத்து முத்துப்பட்டியும் கொங்கர்புளியங்குளமும், நாகமலைத் தொடரை ஒட்டி விக்கிரமங்கலமும், ஆற்றை நெருங்கி நிலக்கோட்டை வட்டத்து மேட்டுப்பட்டிச் சித்தர்மலையும் வருகின்றன. இவை கிறித்து ஆண்டின் தொடக்கத்தை ஒட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இன்னும் மேற்கே, ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் புலிமான்கோம்பை. அங்கே 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்ட தமிழ்-பிராமி நடுகற்களில் ஒன்று ‘கூடல் ஊர்’ ஆகோளை, அதாவது ஆநிரை கவர்தலை, குறிக்கிறது. இந்தக் கூடல் மதுரையா, கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரா என்று வாதிடலாம். எதுவாக இருந்தாலும் அது இதே தடத்தின் ஒரு முனை. கூடலூரானால், கண்ணகி கோட்டம் எனப்படும் மங்கலதேவிக் குன்றின் அடிவாரத்து ஊர்ப்பெயர் ஈராயிரம் ஆண்டு நிலைத்திருக்கிறது என்று பொருள்.

துறவிகள் ஆரவாரத்தை விட்டு விலகவே குன்றுகளை நாடினர், அவர்களுடைய படுக்கைகள் எப்படிச் சாலையைக் காட்டும் என்பது தகுதியான மறுப்பு. மலைமேல் இருந்த துறவி கீழே உள்ள ஊரில்தான் இரந்துண்ண வேண்டும் என்பது ஒரு விடை. ஆனால் அது ஊரை மட்டுமே நிறுவும், வழியை நிறுவாது. வழியை நிறுவுபவர்கள் கொடையாளர்கள். அழகர்மலைக் கல்வெட்டுகளில் மதிரைப் பொன்கொல்லனும், உப்பும் கொழுவும் அறுவையும் விற்ற வணிகர்களும் பெயர் பொறித்திருக்கிறார்கள். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் வருகிறார்கள். ஊர் விட்டு ஊர் போகும் தொழிலினர் இவர்கள். தாங்கள் கடக்கும் இடத்தில் கொடையளித்தார்கள். மேட்டுப்பட்டியிலும் மதிரை என்ற பழைய வடிவில் மதுரையின் பெயர் அமணன் ஒருவனோடு சேர்ந்து நிற்கிறது. மதுரைக்கும் மேட்டுப்பட்டிக்கும் இடையே மனிதர்கள் நடந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. நான் அறிந்தவரை, சிறுமலையின் தென்மேற்கு அடிவாரத்தில் இத்தகைய குகைத்தளம் ஒன்றுகூட இல்லை. தேடாததால் கிடைக்கவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் 1882-இல் மாங்குளக் கல்வெட்டு கண்டறியப்பட்டதிலிருந்து தேடல் நடந்துகொண்டே இருக்கிறது, புதிய கல்வெட்டுகள் கிடைத்துக்கொண்டும் இருக்கின்றன. அந்த அடிவாரத்தின் மௌனத்துக்கு ஓரளவாவது எடை உண்டு.

இந்த ஆற்றங்கரை வழிக்குத் தேவை எங்கிருந்து வந்தது? பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் முசிறியைச் சேரனுக்கும் நெல்கிந்தாவைப் பாண்டியனுக்கும் உரியதாகச் சொல்கிறது. அந்தத் துறைப்பகுதியின் அரசன் பாண்டியன், துறையிலிருந்து வெகு தொலைவில் உள்நாட்டில் உள்ள மதுரையில் இருக்கிறான் என்று பிளினி எழுதுகிறார். மேற்குக் கடற்கரைத் துறை ஒன்றை மலைக்கு இப்பால் இருந்து ஆண்ட அரசுக்கு மலையைக் கடக்கும் வழி உயிர்நாடி. வைகையை மேலே பற்றிப் போய்க் கம்பம் பள்ளத்தாக்கில் ஏறினால் அதற்கான கணவாய் கிடைக்கிறது. கீழே பற்றிப் போனால் கீழடியும், ஆற்று முகத்தில் உரோம மதுச்சாடிகள் கிடைத்த அழகன்குளமும் வருகின்றன. இலங்கையைச் சுற்றாமல் கடலோடு கடலை இணைக்கும் தரைக்கோடுகளில் ஒன்று இது. கீழடி அகழாய்வுக்கு முன் இந்தியத் தொல்லியல் துறை வைகையின் இரு கரைகளிலும் நடத்திய கள ஆய்வில் 293 தொல்லிடங்கள் பதிவானதும் இதையே வலியுறுத்துகிறது. மதுரை வைகை மணலில் கிடைத்த 4, 5-ஆம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகளை மட்டும் இவ்வாதத்தில் சேர்க்க நான் தயங்குகிறேன். காசு ஒரு புள்ளியை நிறுவும். அது வந்த கோட்டைச் சொல்லாது.

இனி ஊர்ப்பெயர்கள். ஆற்றை ஒட்டித் திருவேடகம், தென்கரை, குருவித்துறை, சோழவந்தான், சற்றுத் தெற்கே விக்கிரமங்கலம். திருவேடகம் 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம். தென்கரையும் குருவித்துறையும் கரையையும் துறையையும் பெயரிலேயே தாங்கியவை. சோழன் இங்கு வந்து உவந்தான் என்ற மக்கள் வழக்குக்கு மாறாக, சோழவந்தான் கல்வெட்டில் சோழாந்தக சதுர்வேதிமங்கலம். 10-ஆம் நூற்றாண்டு வீரபாண்டியனின் பட்டத்தால் அமைந்த பெயர். வடக்கே அடிவாரச் சாலைக்கு வந்தால் வாடிப்பட்டி, ஆண்டிபட்டி, பொட்டுலுபட்டி, பள்ளபட்டி, அம்மையநாயக்கனூர். பட்டி என்பது கால்நடையோடும் மானாவாரி நிலத்தோடும் ஒட்டிய சிற்றூர்ப் பெயர். நாயக்கனூர் என முடியும் பெயர் பாளையக்காரர் காலத்தது. இங்கே கடுமையான மறுப்பு ஒன்றை எதிர்கொள்ள வேண்டும்: மிகப் பழைய கல்வெட்டுகள் உள்ள மேட்டுப்பட்டியும் அரிட்டாபட்டியும் பட்டிகள்தாமே? உண்மை. ஆகவே பட்டி என்ற பெயர் ஓர் ஊரின் பழமையை மறுக்கப் பயன்படாது. ஓர் ஊரின் பெயர் மாறலாம். ஒரு வரிசை முழுவதிலும் பழம்பெயர் ஒன்றுகூடத் தங்காமல், சில கிலோமீட்டர் தெற்கே மட்டும் அவை தொடர்ந்து தங்கியிருப்பதற்குத் தற்செயல் காரணமாகாது. குலசேகரன்கோட்டை அடிவாரத்தில் உள்ள பாண்டியப் பெயர். அதையும் பிற்பாண்டியர் காலச் சான்றாகவே ஏற்கலாம், அதற்கு மேல் அல்ல. வாடிப்பட்டி என்ற பெயரை வழித்தங்கலோடு இணைக்கும் முயற்சிக்கும் இடமில்லை. வாடி என்பது மரவாடியும் மீன்வாடியும் போல அடைப்புள்ள எவ்விடத்தையும் குறிக்கும். அருகிலேயே அலங்காநல்லூரின் வாடிவாசல் இருக்கிறது.

எஞ்சுவது கரூர். சேரர் தலைநகருக்கும் மதுரைக்கும் இடையே வழி இருந்தே ஆக வேண்டும், அது திண்டுக்கல் வழியாகத்தானே என்பர். நேர்கோடு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கொங்கு நாட்டை நோக்கிய தொல்லிடங்கள் சொல்வது வேறு. மேட்டுப்பட்டிப் பகுதியிலிருந்து வடமேற்கே செம்பட்டி வழியாகப் பழனிமலை அடிவாரத்துக்குப் போனால் பொருந்தல். அங்கே 2009, 2010-இல் கா. ராஜன் நடத்திய அகழாய்வு மணித்தொழிலையும் தமிழ்-பிராமி எழுத்தையும் வெளிக்கொணர்ந்தது. அதற்கு அப்பால் நொய்யல் கரையில் கொடுமணல். ஆக, வைகைக் கரைப் பெருவழி மேட்டுப்பட்டி அருகே பிரிந்து, ஒரு கிளை கம்பத்துக்கும் மறுகிளை கொங்குக்கும் சென்றது என்று கொள்வது சான்றுகளுக்கு நெருக்கமானது. திண்டுக்கல் வழி அக்காலத்தில் அறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. அது பெருவழியானதற்கு வேறு காரணங்கள் தேவைப்பட்டன. திண்டுக்கல் பாறை கோட்டையானது. நாயக்கர் அரசிருக்கை மதுரைக்கும் திருச்சிக்கும் இடையே மாறியது. 1689 முதல் 1706 வரை ஆண்ட மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் சந்தா சாகிப்பின் படை மதுரையை நோக்கி வந்தபோது போர் நடந்த இடம் அம்மையநாயக்கனூர். பின்னர் இருப்புப்பாதை. 1895-இல் முல்லைப்பெரியாற்றின் நீர் பேரணையிலிருந்து கால்வாய் வழியே இம்மேட்டு நிலத்துக்கு வந்தபிறகுதான் வாடிப்பட்டி நெல் விளையும் ஊரானது. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நெல்லும் கோயிலும் பிரமதேயமும் ஆற்றங்கரையில்தான் இருந்தன. நடப்பவனுக்கு வேண்டிய நீரும் சோறும் அங்கேதான் கிடைத்தன. இக்கருத்தைச் சோதிக்க வழியுண்டு. விக்கிரமங்கலத்துக்கும் மேட்டுப்பட்டிக்கும் இடையே குருவித்துறை வரையுள்ள கரைமேடுகளிலும், வாடிப்பட்டியிலிருந்து கொடைரோடு வரையுள்ள அடிவாரத்திலும் ஒரே முறையில் மேற்பரப்பாய்வு செய்து, கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் ஈமக்காடுகளும் எந்தப் பக்கம் அடர்ந்து கிடைக்கின்றன என்று ஒப்பிட வேண்டும். அடிவாரத்தில் அடர்ந்து கிடைத்தால் இக்கட்டுரையின் வாதம் விழும்.