பெர்குசனைக் காப்பாற்றியது ஒரு கோலா?

மன்செஸ்டர் யுனைட்டட் தோற்கிற ஒவ்வொரு முறையும் எங்களுக்குள்ள இரண்டு கட்சி உருவாகும். ஒரு கட்சி "முகாமையாளரை உடன தூக்குங்கோ" எண்டும். மற்றக் கட்சி "பெர்குசனுக்கும் மூண்டு வருசம் ஒண்டும் கிடைக்கேல்லத்தானே, ரைம் குடுங்கோ" எண்டும். இரண்டாவது கட்சி சொல்லும் அந்தக் கதையை நாங்கள் ஒருக்கா முழுசாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விசயம். யுனைட்டட் பொறுமைக்குப் பேர்போன கழகம் இல்லை. மெட் பஸ்பியின் காலம் முடிந்த பிறகு பொறுப்பேற்ற ஐந்து பேரையும் அது பதவியில் இருந்து நீக்கியது. ஐந்தாமவர் ரொன் அட்கின்சன். 1983, 1985 என இரண்டு எஃப்.ஏ. கிண்ணங்கள் வென்றவர். 1985 ஓகஸ்டில் தொடங்கிய லீக்கில் முதல் பத்து மட்சையும் வென்றவர். ஆனாலும் 1986 நவம்பரில் 22 அணிகளில் யுனைட்டட் 21ஆம் இடத்தில் நின்றபோது அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதிரைக்குத்தான் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் இருந்து அலெக்ஸ் பெர்குசன் வந்தார்.

அவருடைய முதல் மூன்று பருவங்களில் லீக் இடம் 11, 2, 11. 1989 கோடையில் கழகம் காசை அள்ளி இறைத்தது. கெரி பலிஸ்டருக்கு மட்டும் 23 இலட்சம் பவுண். செப்டெம்பர் 23இல் சிற்றியிடம் 5-1 என்று மரண அடி. டிசம்பரில் ஓல்ட் ட்ரபோர்டிலேயே ஒரு ரசிகர், மூன்று வருடமாகச் சாக்குப்போக்குத்தான், போய்வாரும் என்ற அர்த்தத்தில் பதாகை பிடித்தார். கோபப்பட்டவர்களில் பிழை சொல்ல ஏலாது. அந்தப் பருவம் யுனைட்டட் முடித்தது 13ஆம் இடத்தில்.

1990 ஜனவரி 7. எஃப்.ஏ. கிண்ணம், நொட்டிங்ஹாம் பொரஸ்ட் மைதானம். தோற்றால் பெர்குசன் வீட்டுக்குத்தான் என்று பத்திரிகைகள் எழுதின. 20 வயது மார்க் ரொபின்ஸ் தலையால் அடித்த கோலில் யுனைட்டட் 1-0 என வென்றது. மே மாதம் கிறிஸ்டல் பலஸை வென்று கிண்ணமும் எடுத்தது. லீக் பட்டத்துக்கு 1993 மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோல்தான் அவரைக் காப்பாற்றியது என்பது கேட்க நல்ல கதை. ஆனால் தோற்றிருந்தாலும் நீக்கியிருக்க மாட்டோம் என்று தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பிறகு சொன்னார். அதை அப்படியே நம்புவதா இல்லையா என்பது வேற கதை. அந்தநேரம் கழகத்துக்குள்ள என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் முக்கியம். பெர்குசன் சிறுவர்களைத் தேடும் வலையைப் பெரிதாக்கினார். 14 வயது ரயன் கிக்ஸ் 1987இலேயே உள்ளே வந்தார். குடிப்பழக்கம் ஊறிப்போன அணியில், ரசிகர்களின் செல்லப்பிள்ளைகளான நோர்மன் வைட்சைடையும் போல் மக்ராத்தையும் 1989இல் விற்றார். 1992இல் பெக்கம், கெரி நெவில், நிக்கி பட் இருந்த இளையோர் அணி எஃப்.ஏ. இளையோர் கிண்ணத்தை வென்றது. புள்ளிப் பட்டியலில் தெரியாத இந்த வேலையைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் நிர்வாகத்தினர்.

இதில் இருந்து நாங்கள் "பொறுத்தால் வெல்லலாம்" என்று படித்தால் அது பாதிப் பாடம். டேவிட் மொயஸுக்கு 2013இல் ஆறு வருட ஒப்பந்தம் குடுத்தார்கள். பத்து மாதத்தில் 7ஆம் இடத்தில் நிற்கும்போது அனுப்பினார்கள். எரிக் டென் ஹாக் 2024 மே மாதம் சிற்றியை 2-1 என வென்று எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தார். அந்தக் கிண்ணத்தோட பதவியும் தப்பியது, ஒப்பந்தமும் நீண்டது. ஒக்டோபரில் 14ஆம் இடம், வேலை போச்சு. 1990இல் நடந்ததுபோல இங்கேயும் ஒரு கிண்ணம் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே அத்திவாரம் இருக்கேல்ல.

நேரம் குடுத்தும் உருப்படாமல் போன முகாமையாளர்கள் கனபேர். அவர்களைப் பற்றி ஒருத்தரும் கதை சொல்லுறதில்லை. பெர்குசன் 38 கிண்ணங்களோட 2013இல் ஓய்வுபெற்றபடியால்தான் அந்த மூன்று வருடங்களை நாங்கள் இண்டைக்கும் கதைக்கிறோம்.

அதனால் அடுத்த முறை சண்டை பிடிக்கும்போது "எத்தனை வருசம் குடுக்கலாம்" என்பதை விட்டுவிட்டு வேற கேள்விகளைக் கேட்போம். இளையோர் அணியில் இருந்து யார் மேலே வருகிறார்கள்? வாங்கிய வீரர் ஒரு வருடத்தில் முன்னேறினாரா? எந்தப் பெரிய பெயரையும் வெளியே இருத்த முகாமையாளருக்குத் துணிவு இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் இருந்தால் 13ஆம் இடத்திலும் அவரை வைத்திருக்கலாம். பதில் இல்லையெண்டால், கையில் கிண்ணம் இருந்தாலும் அனுப்பலாம்.