ஜமாபந்தியும் டொமைன் கன்ட்ரோலரும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பிள்ளை, "சார், நாங்க பார்க்கிற வேலைக்கெல்லாம் வரலாறு கிடையாது" என்று எழுதியிருந்தது. சரவணம்பட்டியில் சர்வர் பார்க்கிற வேலை. முப்பது வருசம் வரலாறு நடத்தியவனிடம் சொல்கிற பேச்சா இது? ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடங்களில் உங்களில் மூன்று பேரைப் போனில் பிடித்து உயிரை எடுத்தேன். அதன் பலன் இது.

கம்ப்யூட்டர் தெரியாத சொந்தங்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பெரிய கம்பெனியில் காலையில் வந்து பேரும் பாஸ்வேர்டும் போட்டால்தான் கம்ப்யூட்டர் திறக்கும். "இவர் நம்ம ஆள்தான், உள்ளே விடு" என்று சொல்வதற்கு ஒரு பேரேடு வேண்டும். அந்தப் பேரேட்டை வைத்திருக்கிற சர்வருக்குப் பெயர் டொமைன் கன்ட்ரோலர். கோவையில் ஒன்று, திருப்பூரில் ஒன்று, உடுமலையில் ஒன்று என்று பல இடத்தில் ஒரே பேரேட்டின் நகல் இருக்கும். ஒரு நகலில் செய்த மாற்றம் மற்ற நகல்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அதுதான் ரெப்ளிகேஷன். போய்ச் சேராவிட்டால் ஒரே ஆளைப் பற்றி ஒரு சர்வர் ஒன்று சொல்லும், இன்னொரு சர்வர் வேறொன்று சொல்லும்.

இது நமக்குப் புதுசா? கிராமத்தில் கர்ணம் கையில் அடங்கல், சிட்டா. தாலுகா ஆபீசில் அதற்கு ஈடான கணக்கு. வருசம் பூராவும் இரண்டும் தனித்தனியாக ஓடும். ஜூன் 30இல் பசலி ஆண்டு முடிவதை ஒட்டி, பல்லடமோ பொள்ளாச்சியோ அவிநாசியோ, அந்தந்தத் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்கையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுபோய் மேலதிகாரி முன்னால் வைத்துச் சரிபார்ப்பார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியகாரர் பதவிகளை எடுத்துவிட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டது. ஆனால் ஜமாபந்தி நிற்கவில்லை. நகல்கள் தாமாக ஒன்றாக இருக்காது, உட்கார்ந்து ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்பது ரெவின்யூ இலாகாவுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது தெரியவந்தது 1980களில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில். ஆமாம், நகல் எடுக்கிற மெஷினுக்குப் பேர் போன அதே ஜெராக்ஸ்தான்! அங்கே கிரேப்வைன் என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். பிரெல், லெவின், நீடம், ஷ்ரோடர் என்ற நால்வர் 1982இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். பேரேட்டில் ஒரு மாற்றம் நடந்தால், அந்தச் செய்தியை மற்ற சர்வர்களுக்கு மின்னஞ்சல் போலவே அனுப்பிவைக்கும்.

அந்த நால்வரில் நீடமும் ஷ்ரோடரும் 1978இலேயே, நெட்வொர்க்கில் ஒருவர் இன்னாரென்று நிரூபிப்பதற்கு ஒரு முறை எழுதியிருந்தார்கள். அதில் பழைய சாவியைத் திருடி மறுபடி பயன்படுத்தலாம் என்ற ஓட்டையை 1981இல் டென்னிங், சாக்கோ என்ற இருவர் காட்டி, நேர முத்திரை போடச் சொன்னார்கள். இதன் மேல்தான் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கெர்பரோஸ் பிறந்தது. இன்றைக்கும் இரண்டு சர்வர்களின் கடிகாரம் ஐந்து நிமிசத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒன்றை ஒன்று நம்பாமல் ரெப்ளிகேஷன் நின்றுபோகிறது என்கிறீர்களே, அந்த ஐந்து நிமிசத்தின் பூர்வீகம் இதுதான்.

கிரேப்வைனுக்கு அடுத்து வந்தது கிளியரிங்ஹவுஸ். அதை வடிவமைத்த இருவரில் ஒருவர் யோகன் தலால், பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த நம் நாட்டுக்காரர். அமைப்பு பெருகி, ஒரே பேரேட்டுக்கு 300 இடத்தில் நகல் என்கிற அளவுக்கு வந்தது. செய்தி சில சமயம் வழியில் தொலைந்துபோகும் என்பதால், தினமும் நடு ராத்திரியிலிருந்து காலை ஆறு மணிக்குள் ஒவ்வொரு சர்வரும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்தார்கள். அதாவது தினசரி ஜமாபந்தி. வித்தியாசம் தெரிந்தால் எல்லோருக்கும் மறுபடி கடிதம். 300 நகல் இருந்தால் ஒரே ராத்திரியில் 90,000 கடிதம் கிளம்பக்கூடும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். நெட்வொர்க் திணறிப்போனது.

1987இல் ஆலன் டெமர்ஸும் கூட்டாளிகளும் இதற்கு வைத்தியம் எழுதினார்கள். வைத்தியத்தின் பேர் வதந்தி! செய்தி கேட்ட சர்வர் யாராவது ஒருவரிடம் சொல்லும், அவர் இன்னொருவரிடம் சொல்வார். "இது எனக்கு முன்னாலேயே தெரியும்" என்ற பதில் அடிக்கடி வர ஆரம்பித்தால் சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்கிறோம். ஊர் வாய் இவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திவைத்த இடம் வேறு. ஒரு பேரை அழிப்பது எப்படி? என் நகலில் அழித்துவிட்டேன், உங்கள் நகலில் இருக்கிறது. ராத்திரி ஒப்பிடும்போது உங்கள் சர்வர் என்ன நினைக்கும்? "பாவம், இவருக்கு இந்தப் பேர் வந்து சேரவில்லை போல" என்று திருப்பிக் கொடுத்துவிடும். செத்தவர் எழுந்து வந்துவிடுவார். அதனால், அழித்த இடத்தைக் காலியாக விடாமல், "இந்தப் பேர் இன்ன நேரத்தில் அழிக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு வைக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே மரணச் சான்றிதழ்தான். நம் பக்கம் ஒரு வீட்டில் எழவு விழுந்தால் பங்காளி, மாமன் மச்சான் ஊருக்கெல்லாம் ஆள் விட்டுச் சொல்வோமே. ஒரு ஊர் விட்டுப்போனால் அடுத்த கல்யாணத்துக்கு அங்கிருந்து, செத்தவர் பேருக்கே பத்திரிகை வரும்.

சரி, அந்தச் சான்றிதழை எத்தனை நாள் வைத்திருப்பது? எப்போதைக்கும் வைத்தால் பேரேடு நிறைந்துபோகும். சீக்கிரம் தூக்கிப் போட்டால், அதுவரை செய்தி சேராத சர்வர் ஒன்று திரும்பி வந்து செத்தவரை எழுப்பிவிடும்.

2000 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000ஐ வெளியிட்டபோது ஆக்டிவ் டைரக்டரி வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் என்.டி.யில் ஒரு தலைமைச் சர்வர் மட்டும்தான் எழுதும், மற்றவை நகல் வாங்கிக்கொள்ளும். புதியதில் எந்தச் சர்வரிலும் எழுதலாம். ஒவ்வொரு கர்ணமும் தானே பட்டா மாற்றலாம் என்று விட்டமாதிரி. மரணச் சான்றிதழ் இங்கே டூம்ஸ்டோன், கல்லறைக் கல் ஆனது. ஆயுள் முதலில் 60 நாள். விண்டோஸ் சர்வர் 2003இன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து, புதிதாக அமைப்பவற்றுக்கு 180 நாள்.

இந்த 180 நாள் என் மாணவன் ஒருவனைப் படுத்திய பாடு சொல்கிறேன். கோவையில் ஒரு மில்லில் சர்வர் பார்க்கிறான். மில் பேர் வேண்டாம். அவர்களுடைய வெளியூர்க் குடோன் ஒன்றை மூடி, எட்டு மாதம் கழித்துத் திறந்தார்கள். யாரோ அங்கிருந்த பழைய சர்வருக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம், வேலையை விட்டு நின்றுபோன ஸ்டோர் கீப்பர் பேரில் அந்தக் குடோனில் கம்ப்யூட்டர் திறந்திருக்கிறது. சரக்குக் கணக்கு உதைக்கிறது. நிர்வாகம் யாரைப் பிடிக்கும்? "அந்த ஆள் பேரை நீதானே அழிச்சே? காசு வாங்கிட்டு மறுபடி திறந்து விட்டியா?" என்று பையனை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை. பையன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அவனைக் காப்பாற்றியது ரெப்அட்மின் என்ற கட்டளை. எந்தச் சர்வர் எந்தச் சர்வரிடமிருந்து கடைசியாக எப்போது செய்தி வாங்கியது என்று தேதியோடு அது காட்டும். குடோன் சர்வர் கடைசியாகப் பேசியது குடோனை மூடிய அன்று. ஸ்டோர் கீப்பர் நின்றது அதற்குப் பிறகு. அவர் போன செய்தியே அந்தச் சர்வருக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது கல்லறைக் கல்லின் ஆயுளும் முடிந்துவிட்டது, சொல்ல யாரும் இல்லை. தலைமை ஆபீஸ் சர்வர்கள் இதனோடு பேச மறுத்துக்கொண்டே இருந்ததும் பதிவாகியிருந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். தேதியைக் காட்டித் தப்பித்தான். வகுப்பில் நான் ஆண்டு கேட்டால் முழிக்கிற பையன் அவன்!

இன்னொரு சிக்கலையும் அவனே விளக்கினான். ஒவ்வொரு சர்வரும் தன் மாற்றங்களுக்குத் தபால் பதிவேடு போல வரிசை எண் போடுகிறது. பக்கத்துச் சர்வர் "உன்னிடம் 4,800 வரை வாங்கிவிட்டேன்" என்று குறித்துவைக்கும். பழைய டிஸ்க் நகலை அப்படியே மேலே போட்டு ஒரு சர்வரைப் பின்னுக்கு இழுத்தால், அது 4,500லிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். புது மாற்றம் 4,501 என்று வரும்போது பக்கத்துச் சர்வர் "அதெல்லாம் முன்னமே வாங்கியாச்சு" என்று தள்ளிவிடும். சண்டை போடுகிற சர்வரை விட இப்படிச் சத்தமில்லாமல் பிரிந்துபோகிற சர்வர்தான் ஆபத்து என்றான். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பேச்சில் விடுபட்ட சர்வர் ஒருமுறை ஒரு கம்பெனியையே காப்பாற்றியதும் உண்டு. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனிலிருந்து நாட்பெட்யா என்ற நாசகார நிரல் கிளம்பியது. அப்போது உலகக் கன்டெய்னர் கப்பல் சரக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கையாண்ட மெர்ஸ்க் கம்பெனி முடங்கியது. மும்பைப் பக்கம் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்துகிற முனையமும் நின்றது. அவர்களிடம் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்ற தைரியத்தில் பேரேட்டுக்குத் தனிக் காப்பு நகல் எடுத்து வைக்கவில்லை. ஒரே நாளில் எல்லாம் அழிந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

தேடியதில் ஒன்றே ஒன்று தப்பித்திருந்தது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீசில். காரணம், அங்கே கரண்ட் போயிருந்தது! நிரல் வந்த நேரத்தில் அந்தச் சர்வர் நெட்வொர்க்கிலேயே இல்லை. 2012இல் நம் ஊரில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்த ஆட்கள் இதைக் கவனிக்கவும்.

பல நூறு ஜிகாபைட் தகவல். கானாவின் இணைய வேகத்தில் இங்கிலாந்துக்கு அனுப்ப நாள் கணக்காகும். கையில் கொண்டுபோகலாம் என்றால் கானா ஊழியர்கள் யாருக்கும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்தார். விமான நிலையத்தில் இன்னொரு ஊழியர் அதை வாங்கிக்கொண்டு லண்டனுக்கு விமானம் ஏறினார். அந்த ஒரு நகலிலிருந்து பேரேடு மீண்டது. 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றையும் பத்து நாளில் மறுபடி நிறுவினோம் என்று அடுத்த ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் மெர்ஸ்க் தலைவர் சொன்னார்.

சரவணம்பட்டிப் பிள்ளை இதைப் படித்துவிட்டு ஒரு போன் போடவும். நம்பர் பழையதுதான்.