பொலிஸாரே ஆர்ப்பாட்டம் செய்தால்? – பிரித்தானியாவின் 2012 அனுபவம்

தரம் 11 மாணவர்களுக்குக் குடியியற் கல்விப் பாடத்தில் தொழிற்சங்கங்கள் பற்றிக் கற்பிக்கும்போது அநேகமாக ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவன் அதே கேள்வியைக் கேட்பான். "சேர், பொலிஸும் ஸ்ட்ரைக் செய்யலாமா?" வகுப்பு முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு "இல்லை, அவர்களுக்கு அந்த உரிமை இல்லை" என்று ஒரு வரியில் கடந்துவிடுவேன். இவ்வருடம் கேட்டவன் விடவில்லை. "அப்ப அவங்கட சம்பளத்தை வெட்டினா என்ன செய்வாங்க சேர்?" என்றான். அவனுடைய மூத்த சகோதரர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எளிது. எமது நாட்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸாரும் ஆயுதப் படையினரும் சிறைச்சாலை, நீதித்துறை உத்தியோகத்தர்களும் தொழிற்சங்கத்தில் சேர முடியாது. ஆனால் அவன் கேட்டது சட்டத்தை அல்ல. சம்பளத்தை வெட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு என்னிடம் அன்று விடை இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்ததில், அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை இருக்கும் இடம் இங்கிலாந்து என்று கண்டேன். அடுத்த பாடவேளையில் அவர்களுக்குச் சொன்னதையே இங்கு கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2012 மே 10ஆம் திகதி இலண்டன் நகரின் மத்தியில் 30,000க்கும் மேற்பட்ட பொலிஸார் ஊர்வலமாக நடந்தார்கள். இது ஏற்பாட்டாளர்களான பொலிஸ் சம்மேளனம் சொன்ன எண்ணிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 43 பொலிஸ் பிரிவுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். அனைவரும் கடமை நேரத்துக்கு வெளியே, சீருடை இல்லாமல், சொந்த விடுமுறையில் வந்தவர்கள். அவர்களில் 16,000 பேர் தலையில் கறுப்புத் தொப்பி அணிந்திருந்தார்கள். அரசாங்கத்தின் செலவுக் குறைப்பால் இழக்கப்படவிருந்த 16,000 பொலிஸ் பதவிகளுக்கு ஆளுக்கொரு தொப்பி. உள்துறை அமைச்சையும் பாராளுமன்றத்தையும் கடந்து அந்த ஊர்வலம் சென்றது. ஊர்வலத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்தவர்களும் பொலிஸார்தான். அதே நாளில் ஓய்வூதிய மாற்றங்களுக்கு எதிராக ஏனைய அரச ஊழியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டிருந்தார்கள். அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பொலிஸாரால் முடிந்தது நடப்பது மாத்திரமே.

ஏன் மாத்திரமே என்பதை அறிய 94 வருடங்கள் பின்னால் போக வேண்டும்.

1918 ஆகஸ்ட் 30ஆம் திகதி, முதலாம் உலக மகா யுத்தம் முடியாத நிலையில், இலண்டன் பொலிஸார் வேலையை நிறுத்தினார்கள். யுத்தக் காலத்தில் விலைவாசி ஏறியிருந்தது, சம்பளம் ஏறவில்லை. பொலிஸ் சங்கத்தை அமைப்பதில் ஈடுபட்ட ஒரு கான்ஸ்டபிளைப் பதவி நீக்கியது பொறியைக் கிளப்பியது. ஏறத்தாழ 12,000 பேர் வெளியே வந்தார்கள். பிரதமர் லொயிட் ஜோர்ஜ் இறங்கி வந்தார். சம்பளம் கூட்டப்பட்டது, நீக்கப்பட்டவர் திரும்ப எடுக்கப்பட்டார். ஆனால் சங்கத்தை அங்கீகரிக்கும் விடயம் இழுபட்டது. அடுத்த வருடம் அரசாங்கம் தயாராக வந்தது. 1919 பொலிஸ் சட்டம் தொழிற்சங்கத்தைத் தடைசெய்து, அதற்குப் பதிலாகப் பொலிஸ் சம்மேளனம் என்ற அமைப்பைச் சட்டத்தாலேயே உருவாக்கியது. அதை எதிர்த்து 1919 ஆகஸ்டில் மீண்டும் வேலை நிறுத்தம் செய்தவர்கள் 2,000 பேருக்கு மேல். இம்முறை தாக்கம் மிகக் கூடுதலாக இருந்தது லிவர்பூலில். அந்நகரத்தின் பொலிஸாரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வெளியே வந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, இராணுவம் இறக்கப்பட்டது, போர்க்கப்பல்கள் ஆற்றுக்குள் வந்தன. வேலை நிறுத்தம் செய்த அத்தனை பேரும் பதவி நீக்கப்பட்டார்கள். ஒருவர்கூடத் திரும்ப எடுக்கப்படவில்லை. பல வருடச் சேவைக்கான ஓய்வூதியமும் போனது.

ஆக, 2012இல் ஊர்வலத்தை நடத்திய பொலிஸ் சம்மேளனம், வேலை நிறுத்தத்தைத் தடைசெய்த அதே சட்டம் பெற்ற பிள்ளை. கான்ஸ்டபிள் முதல் பிரதான இன்ஸ்பெக்டர் வரையானவர்களை அது பிரதிநிதித்துவப்படுத்துகிறது. பேசலாம், எழுதலாம், ஊர்வலம் போகலாம். அதற்கு மேல் இல்லை.

இனி, அவர்கள் எதை எதிர்த்தார்கள்? 2008 நிதி நெருக்கடிக்குப் பின்னர் 2010இல் பதவிக்கு வந்த கூட்டணி அரசாங்கம், பொலிஸுக்கான மத்திய அரசின் நிதியை நான்கு வருடங்களில் 20 வீதத்தால் குறைப்பதாக அறிவித்தது. அதோடு டொம் வின்சர் என்ற சட்டத்தரணி, முன்னர் ரயில்வே ஒழுங்குபடுத்துநராக இருந்தவர், பொலிஸாரின் சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் மீளாய்வு செய்ய நியமிக்கப்பட்டார். புதிய கான்ஸ்டபிளின் ஆரம்பச் சம்பளத்தை ஏறத்தாழ 23,000 பவுணிலிருந்து 19,000 பவுணாகக் குறைக்கலாம் என்பது அவருடைய பரிந்துரைகளில் ஒன்று. உடற்தகுதிப் பரீட்சை, தேவைப்பட்டால் கட்டாயப் பணிநீக்கம் என்பனவும் இருந்தன. ஊர்வலம் நடந்து ஆறு நாட்களில், போர்ன்மத் நகரில் சம்மேளனத்தின் வருடாந்த மாநாட்டில் பேச வந்த உள்துறை அமைச்சர் தெரேசா மே கூச்சல்களுக்கு மத்தியில்தான் பேசி முடித்தார். அந்த வருடமே வின்சர் பொலிஸ் பிரிவுகளைக் கண்காணிக்கும் பிரதம பரிசோதகராக நியமிக்கப்பட்டார். பொலிஸ் சேவையிலிருந்து வராத ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஒரு பாடசாலையில் ஒருநாள்கூடப் படிப்பிக்காதவரைக் கல்விப் பணிப்பாளராக்கினால் எங்கள் ஆசிரியர் அறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

சம்பளக் குறைப்பு எந்தத் துறைக்கும் வரும் சோதனைதான். பொலிஸாரின் கோபத்தில் அதைவிட ஆழமான ஒரு பகுதி இருந்தது: பொலிஸ் வேலையைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுப்பது.

2012இன் ஆரம்பத்தில் லிங்கன்ஷயர் பொலிஸ் பிரிவு, ஜீ4எஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்துடன் பத்து வருடங்களுக்கு ஏறத்தாழ 200 மில்லியன் பவுண் பெறுமதியான ஒப்பந்தம் செய்துகொண்டது. பொலிஸ் அதிகாரம் இல்லாத சிவில் ஊழியர்கள் 500க்கும் மேற்பட்டோர் நிறுவனத்தின் ஊழியர்களாக மாறினார்கள். அவசர அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் கட்டுப்பாட்டு அறையும் அதில் அடக்கம். மார்ச் மாதத்தில் இன்னொரு செய்தி வெளிவந்தது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ், சர்ரே ஆகிய இரு பிரிவுகளும் 1.5 பில்லியன் பவுண் பெறுமதியான கேள்விப்பத்திரத்தைக் கோரியிருந்தன. கைது செய்யும் அதிகாரம் மாத்திரம் பொலிஸாரிடம் இருக்கும். ஆனால் குற்ற விசாரணைக்கு உதவுவது, பிரதேசங்களில் ரோந்து செல்வது போன்றனவும் நிறுவனங்களுக்குக் கொடுக்கக்கூடியவற்றின் பட்டியலில் இருந்தன.

இங்கே கொஞ்சம் பழைய வரலாறு சொல்ல வேண்டும். 1829இல் ரொபர்ட் பீல் இலண்டன் பெருநகரப் பொலிஸை உருவாக்குவதற்கு முன்னர் அந்நகரில் பாதுகாப்புப் பெரும்பாலும் பணத்துக்கு வாங்கப்பட்ட ஒன்றுதான். களவு போனால் நீங்கள் கள்வரைப் பிடித்துத் தருபவரிடம் போய்க் கூலி பேச வேண்டும். அவர்களில் மிகவும் பேர் பெற்றவர் ஜொனதன் வைல்ட். களவுபோன பொருட்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஏனென்றால் களவெடுத்தவர்களும் அவருடைய ஆட்களே. 1725இல் தூக்கிலிடப்பட்டார். கூலி கொடுக்க முடியாத ஏழைக்கு அவரிடம் போய் ஆகப்போவது எதுவுமில்லை. பொதுப் பணத்தில் சம்பளம் பெற்று எல்லோருக்கும் ஒரேமாதிரிப் பொறுப்புச் சொல்லும் பொலிஸ் என்ற எண்ணம் அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்தது.

ஊர்வலம் நடந்து இரண்டே மாதங்களில், பொலிஸாரின் வாதத்துக்கு யாரும் எதிர்பாராத சாட்சி கிடைத்தது. இலண்டன் ஒலிம்பிக் விளையாட்டுக்களுக்கு 10,000க்கும் அதிகமான காவலர்களை வழங்க ஒப்புக்கொண்டிருந்த அதே ஜீ4எஸ் நிறுவனம், ஆரம்ப விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது போதிய ஆட்களைத் தரமுடியாது என்றது. அரசாங்கம் 3,500 இராணுவத்தினரை மேலதிகமாக அழைத்தது. இடைவெளியை நிரப்பப் பல பிரிவுகளிலிருந்து பொலிஸாரும் அனுப்பப்பட்டார்கள், எண்ணிக்கையை வெட்ட வேண்டும் என்று சொல்லப்பட்ட அதே பொலிஸார். சர்ரே அந்தப் பெரிய திட்டத்திலிருந்து விலகியது. நவம்பரில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பொலிஸ் ஆணையாளராக மக்களால் தெரிவான பொப் ஜோன்ஸ் மிச்சத்தையும் இரத்துச் செய்தார்.

லிங்கன்ஷயர் ஒப்பந்தம் தொடர்ந்தது. பணம் மிச்சமானது என்று அந்தப் பிரிவே சொன்னது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2016இல் ஒரு விடயம் வெளிவந்தது. கட்டுப்பாட்டு அறையின் நிறுவன ஊழியர்கள் சிலர், வேலை குறைந்த நேரங்களில் தாங்களே 999 இலக்கத்துக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகளை எடுத்து, தாங்களே உடனடியாகப் பதிலளித்திருந்தார்கள். இத்தனை வீத அழைப்புகளுக்கு இத்தனை விநாடிகளில் பதில் சொல்ல வேண்டும் என்ற இலக்கை எட்டுவதற்காக என்பதே குற்றச்சாட்டு. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. பரீட்சை பெறுபேற்று வீதத்தைக் காட்டுவதற்காகப் பின்தங்கிய பிள்ளைகளைப் பரீட்சைக்கு வராமல் பண்ணுகிற பாடசாலைகள் பற்றி ஆசிரியர்களாகிய எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, தடயவியல். அரசுக்குச் சொந்தமான தடய விஞ்ஞான சேவை மாதாந்தம் நட்டமடைகிறது என்று கூறி 2012 மார்ச்சில் மூடப்பட்டது. இரத்தம், நச்சுப்பொருள், டீஎன்ஏ பரிசோதனைகள் தனியார் ஆய்வுகூடங்களுக்கும் பொலிஸின் சொந்த ஆய்வுகூடங்களுக்கும் போயின. 2017இல் மன்செஸ்டரிலுள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் தரவுகள் திரிக்கப்பட்டதாகச் சந்தேகம் எழுந்து 10,000 வரையான பரிசோதனைகளை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. போதையில் வாகனம் செலுத்தியதாகத் தண்டிக்கப்பட்ட சிலரின் தீர்ப்புகள் இரத்தாகின. அடுத்த வருடம் இன்னொரு தடயவியல் நிறுவனம் நிதியில் முறிந்தது. கடை மூடினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகலாம். வழக்கொன்றின் சான்றுப்பொருள் அங்கே பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது?

அரசாங்கத் தரப்பையும் சொல்வது நியாயம். வெட்டுக்கள் தொடங்கிய முதல் வருடங்களில், மக்களிடம் எடுக்கப்படும் குற்ற ஆய்வின்படி மொத்தக் குற்றங்கள் குறைந்துகொண்டுதான் இருந்தன. பொலிஸ் சம்மேளனம் பயங்காட்டுகிறது என்று தெரேசா மே 2015 மாநாட்டிலும் கண்டித்தார். ஆனால் 2014க்குப் பின்னர் பதிவான கத்திக்குத்துக் குற்றங்கள் தொடர்ந்து ஏறின. 2010இல் சுமார் 144,000 ஆக இருந்த பொலிஸார் 2017இல் சுமார் 122,000 ஆகியிருந்தார்கள். கறுப்புத் தொப்பிகள் 16,000 என்றன. உண்மையில் போனது அதைவிடக் கூட. 2019இல் அதே கட்சியைச் சேர்ந்த பிரதமர் பொரிஸ் ஜோன்சன் 20,000 பேரைப் புதிதாகச் சேர்ப்பதாக அறிவித்தார். 2023இல் எண்ணிக்கை நிரம்பியது. ஆனால் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் ஐந்து வருடத்துக்குக் குறைந்த சேவை உடையவர்கள். அனுபவசாலிகளை அனுப்பிவிட்டு அதே எண்ணிக்கையில் புதியவர்களை எடுத்தால் ஆள் கணக்கு சரிவரும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவர்; மாணவன் வாய் திறக்கும் முன்பே அவனுக்கு எங்கே விளங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியான ஒருவரை எந்தச் சுற்றறிக்கையாலும் உருவாக்க முடியாது.

ஊர்வலத்தால் வெட்டு நிற்கவில்லை. வேலை நிறுத்த உரிமையைக் கோருவதா என்று சம்மேளனம் 2013இல் தன் அங்கத்தவர்களிடம் வாக்கெடுத்தது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் ஆம் என்றார்கள். ஆனால் மொத்த அங்கத்தவர்களில் அரைவாசிக்கு மேல் வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. கட்டாயப் பணிநீக்கத்தை மாத்திரம் அமைச்சர் பிறகு கைவிட்டார்.

இலண்டன் மாணவர்களில் பலருக்கு அந்த ஊர்வலம் கசப்பான வேடிக்கையாக இருந்திருக்கும். 2010இல் பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்தபோது அவர்களைக் குளிரில் மணிக்கணக்காகச் சுற்றிவளைத்து வைத்திருந்தவர்கள் இதே பொலிஸார். அந்த உணர்வு எனக்கும் புதிதல்ல. 2021இல் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடியபோது நாங்கள் பதாதையோடு வீதியோரம் நின்றோம். எதிரே பொலிஸார். அவர்களில் வயதில் இளைய ஒருவர், தன் அதிகாரி அப்பால் போனதும், "நீங்களாவது சத்தம் போடுகிறீர்கள்" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அவர்மீது எனக்கிருந்த கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவையும் மாணவர்களுக்குச் சொல்லி முடித்தபோது பாடவேளை முடிய இரண்டு நிமிடம் இருந்தது. கேள்வி கேட்ட அந்த மாணவன் மீண்டும் கையை உயர்த்தினான்.

"சேர், அந்த முப்பதாயிரம் பேரும் லீவு எடுத்தா வந்தாங்க?"

"ஓம், அவர்கள் தங்கள் விடுமுறை நாளில் வந்தவர்கள்."

"எங்கட நானாக்கு பெருநாளைக்கே லீவு கிடைக்கல்ல சேர்."

மணி அடித்தது.