ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள்: சென்னை ஃப்ரீமேசன் லாட்ஜ்களின் கதை

எழும்பூர் எத்திராஜ் சாலை வழியாகப் போகும்போது உயரமான தூண்களோடு, பழைய கிரேக்கக் கோயிலின் சாயலில் ஒரு கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் பெயர் ஃப்ரீமேசன்ஸ் ஹால். 1923-ல் வேலையைத் தொடங்கி 1925-ல் கட்டி முடித்தார்கள். நம்மில் பலரும் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருப்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "ஏதோ ரகசிய சங்கமாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ரகசியம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சங்கத்தைப் பற்றி அச்சில் வந்திருக்கும் சரித்திரமே ஏராளம். ஆண்டுப் பொதுக்குழுவுக்குக் கோரம் சேராமல் அரை மணி நேரம் ஒத்திவைத்துக் கூட்டம் நடத்துவது நமக்குப் பழகிப்போன விஷயம். அதே ஊரில் ஒரு சங்கம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினர்களை வரவழைத்து, வேலை கொடுத்து, கூடச் சாப்பிட வைத்து நடத்திக்கொண்டிருக்கிறது. அது எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்று பார்த்தால் நமக்கும் ஏதாவது கிடைக்கும்.

முதலில் பெயரைப் பற்றி. லாட்ஜ் என்றதும் நமக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரூம் வாடகைக்கு விடும் இடம்தான் நினைவுக்கு வரும். ஃப்ரீமேசன் வழக்கில் லாட்ஜ் என்பது ஓர் ஊரின் உறுப்பினர் குழு. மேசன் என்றால் கொத்தனார். இங்கிலாந்தின் கல்வேலைக்காரர்களுடைய வழக்கங்களையும் கருவிகளையும் அடையாளமாக எடுத்துக்கொண்டு, கொத்து வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் வளர்த்த சங்கம் இது. 1717 ஜூன் 24 அன்று லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜ்கள் கூடி ஒரு தலைமை லாட்ஜை அமைத்தார்கள். 1723-ல் அச்சான அவர்களுடைய விதிப் புத்தகத்தில் ஒரு விதி இன்றும் நிற்கிறது: லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியல் சண்டையும் கூடாது.

லாட்ஜின் தலைவர் கழுத்தில் தொங்கும் பதக்கம் மூலமட்டம். அவருக்கு அடுத்தவருக்கு மட்டப்பலகை, மூன்றாமவருக்குத் தூக்குக்குண்டு. நம் மேஸ்திரி கையில் இருக்கும் அதே சாமான்கள்தான். மட்டப்பலகைக்கு அவர்கள் சொல்லும் பொருள், உள்ளே வந்தவர் எல்லாரும் ஒரே மட்டம் என்பது. இந்தப் பேச்சு மெட்ராஸில் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதுதான் கதையே.

மெட்ராஸின் முதல் லாட்ஜ் 1752-ல் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைத் திருப்பிக் கொடுத்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. உறுப்பினர்கள் கம்பெனியின் ராணுவ அதிகாரிகள், வியாபாரிகள், குமாஸ்தாக்கள். சொந்த ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. ஆனால் ராணுவத்தை நம்பி நடக்கும் சங்கத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. 1780-ல் ஹைதர் அலியோடு போர் மூண்டதும் உறுப்பினர்கள் முகாம்களுக்குப் போய்விட்டார்கள், லாட்ஜ்கள் படுத்துவிட்டன.

மறுபடி எழுந்தது 1786-ல். அதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அப்போது இங்கிலாந்தில் ஃப்ரீமேசன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் ஒப்புக்கொள்ளாமல் இருந்தார்கள். மெட்ராஸிலும் இரண்டு கட்சிக்காரர்கள் இருந்தார்கள். ஊரோ சிறியது, ஆட்களும் குறைவு. இங்கே அவர்கள் 1786-லேயே ஒன்று சேர்ந்துவிட்டார்கள். லண்டனில் அந்தச் சமரசம் நடந்தது 1813-ல்தான். அந்த ஆண்டில் மெட்ராஸில் அமைந்த லாட்ஜின் பெயர் 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி', அதாவது முழு ஒருமனம். அதன் எண் 150. இன்றும் அது எழும்பூரில் கூடுகிறது.

இனி அந்த மேசையில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்கு வருவோம்.

1770-களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் ஒரு லாட்ஜில் உம்தத்-உல்-உமரா சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன். இந்தியாவில் ஃப்ரீமேசன் ஆன முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். செய்தி லண்டனுக்குப் போனதும் அங்கே பெரிய மகிழ்ச்சி. தலைமை லாட்ஜ் அவருக்கு ஒரு வாழ்த்துக் கடிதமும், அலங்காரம் செய்த மேலங்கித் துணியும் (கொத்தனார் இடுப்பில் கட்டும் ஏப்ரன்தான்), அழகாகக் கட்டிய விதிப் புத்தகமும் அனுப்பியது. அவர் பாரசீக மொழியில் பதில் எழுதினார். லண்டனில் அதை மொழிபெயர்த்துப் படித்து, சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டினார்கள்.

அவர் 1795-ல் நவாப் ஆனார். 1801 ஜூலையில் இறந்தார். அவர் இறந்த அதே மாதம் முடிவதற்குள் கம்பெனி அவருடைய மகனை ஒதுக்கிவிட்டு, கர்நாடக ராஜ்ஜியத்தின் ஆட்சியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நவாப் பட்டம் மட்டும் வேறொரு வாரிசுக்குப் போனது. லாட்ஜுக்கும் கம்பெனியின் இந்த முடிவுக்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் லண்டனில் சகோதரர் என்று கொண்டாடப்பட்டவரின் வீட்டில் நடந்தது இது. மேசையில் சரிசமமாக உட்கார வைத்த மரியாதை, மேசையை விட்டு எழுந்ததும் செல்லவில்லை.

இளவரசருக்குக் கதவு திறந்தது. சாதாரண இந்தியருக்குத் திறக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கனவானை ஆங்கிலேயர்கள் லாட்ஜில் சேர்க்கவில்லை. அவர் பாரிஸ் போய் அங்கே ஃப்ரீமேசன் ஆகித் திரும்பினார். திரும்பியும் பம்பாய் லாட்ஜில் இடமில்லை. கடைசியில் டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இந்தியர்களையும் சேர்க்கவென்றே 1843-ல் 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்ற லாட்ஜைத் தொடங்கினார். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி 1863-ல் விண்ணப்பித்தார். பல தெய்வங்களை வணங்கும் இந்து, ஒரே கடவுளை முன்வைத்து எப்படிச் சத்தியம் செய்வார் என்று தடை சொன்னார்கள். அவர் விடாமல் வாதாடினார். 1872-ல்தான் உள்ளே போனார். ஒன்பது ஆண்டுகள்!

இந்தியர்கள் உள்ளே வந்த பிறகு வேறொரு சிக்கல். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது லாட்ஜின் உயிர்நாடி. ருட்யார்ட் கிப்ளிங் 1886-ல் லாகூரில் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். அங்கே இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் யூதரும் கிறிஸ்தவரும் சகோதரர்களாக இருந்தார்கள் என்று தன் தாய் லாட்ஜைப் பற்றி அவர் எழுதிய கவிதையில் வருகிறது. கூடவே, யாருடைய சாதி ஆசாரத்துக்கும் பங்கம் வந்துவிடக் கூடாது என்று அவர்கள் விருந்து வைக்கவில்லை என்பதும் அதே கவிதையில் வருகிறது. சமபந்தி என்ற சொல்லின் கனம் தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் போட்ட தடை ஒரு பக்கம் என்றால், நம் வீட்டிலிருந்தே எடுத்துப்போன தடை இன்னொரு பக்கம்.

பெண்களுக்கு அந்தக் கதவு இன்றுவரை திறக்கவில்லை. பழைய லாட்ஜ்களில் ஆண்கள் மட்டுமே உறுப்பினர். ஆனால் இதிலும் சென்னைக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் 1902-ல் பாரிஸில், ஆண் பெண் இருபாலரையும் சேர்க்கும் தனிப் பிரிவில் உறுப்பினரானார். அந்தப் பிரிவு அவர் வழியாக அடையாறுக்கும் வந்தது. எழும்பூர் வகை லாட்ஜ்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

இவ்வளவு குறைகள் இருந்தும் சங்கம் எப்படி நீடித்தது? கட்டடம் காரணமில்லை. மெரினாவில் இப்போது டி.ஜி.பி. அலுவலகமாக இருக்கிறதே, அந்த வெள்ளை மாளிகை 1839-ல் ஃப்ரீமேசன்கள் கட்டியது. 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் போலீஸ் இலாகா அங்கே குடிவந்தது. 1874-ல் அரசாங்கம் அதை 20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டது. எழும்பூர் ஹால் எழுந்தது அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து. கடற்கரை மாளிகை கைமாறியும் லாட்ஜ் கலையவில்லை.

காரணம் அவர்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். லாட்ஜின் தலைவர் பதவி ஓர் ஆண்டுக்குத்தான். ஆண்டுதோறும் தேர்தல். புதிதாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் விருந்தில் பரிமாறும் பொறுப்பில் தொடங்குவார். அடுத்து உள்வாசல் காவல், பிறகு தலைவருக்கும் துணைவர்களுக்கும் இடையே சேதி கொண்டுபோகும் பொறுப்பு, பிறகு இரண்டு துணைத் தலைவர் பதவிகள், அதன் பிறகே தலைவர் நாற்காலி. ஒவ்வொரு படியிலும் ஓர் ஆண்டு. நாற்காலியை விட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை, புதுத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டுகிறார். சடங்குகளில் பேசும் வசனங்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பதால் கூட்டத்துக்கு முன்பே ஒத்திகைக்கு வரவேண்டியிருக்கிறது. வேலை வந்தால் ஆளும் வந்துவிடுகிறார். கிப்ளிங் கதையும் அதுதான். அவர் சேரும்போது வயது 20, விதிப்படி 21 ஆகியிருக்க வேண்டும். லாட்ஜுக்கு ஒரு நல்ல செகரட்டரி தேவைப்பட்டதால் தனி அனுமதி வாங்கிச் சேர்த்தார்கள். வந்த பையனிடம் உடனே மினிட்ஸ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பதவி எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் ஆல்மனர் என்பார்கள். உறுப்பினர் யாராவது நோயில் விழுந்தால் போய்ப் பார்ப்பது, கூட்டத்துக்கு வராமல் போனவரை விசாரிப்பது, இறந்துபோன உறுப்பினரின் மனைவிக்கு உதவி தேவையா என்று கேட்பது அவர் வேலை. விருந்து முடியும்போது சொல்லும் கடைசி வாழ்த்தும், எங்கோ கஷ்டத்தில் இருக்கும் உறுப்பினர்களை நினைத்துத்தான் சொல்லப்படுகிறது.

1961 நவம்பர் 24 அன்று டெல்லியில் இந்தியாவுக்கென்று தனித் தலைமை லாட்ஜ் அமைந்தது. ராம்பூர் நவாப் முதல் தலைவரானார். பல லாட்ஜ்கள் அதில் சேர்ந்தன. சில, பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி போல, பழைய தாய்ச் சங்கத்தோடே இருந்துவிட்டன. எங்கே இருப்பது என்பதை அந்தந்த லாட்ஜே முடிவு செய்தது. இரண்டு தரப்பும் எழும்பூரில் ஒரே கூரையின் கீழ் கூடுகின்றன.

இனி நம் விஷயம். செகரட்டரி, ட்ரஷரர், தண்ணீர், லிஃப்ட், ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் நான்கைந்து பேர் சுமக்கிறார்கள். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் குறை சொல்கிறோம். நானும்தான். பத்து ஃபிளாட்டுக்கு ஒருவர் என்று சின்னச் சின்ன வேலைகளை ஓர் ஆண்டுக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம். தனியாக இருக்கும் முதியவர்களை வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஒருவரை நியமிக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. பொங்கலுக்குக் கூடிச் சாப்பிடுகிறோம். பொதுக்குழு நாளிலும் சாப்பாடு போட்டால் கோரம் தானாகச் சேரும் என்பது என் நம்பிக்கை.

கடைசியாக ஒன்று. நம் பைலாவின்படி வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. அதை மாற்றுவது சுலபமில்லை என்று தெரியும். ஆனால் அவர்களை வேலைக்குழுக்களில் சேர்க்க எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. மெயின்டனன்ஸ் கட்டுகிறார்கள், இதே தண்ணீரைக் குடிக்கிறார்கள், சிலர் ஏழெட்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறார்கள். பிரசன்ன குமார் தத்தை ஒன்பது ஆண்டுகள் வாசலில் நிறுத்தியவர்களும் அப்போது விதியைத்தான் காட்டினார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி செகரட்டரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொந்தக்காரர், வாடகைக்காரர் எல்லாரும் வாருங்கள்.