186 எங்கே செல்லும்?

பிளஸ் டூவில் ஒரு மாணவி கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 88 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி. 96, 46, 44. கூட்டினால் 200-க்கு 186 கட்-ஆஃப். வடக்குத்திலும் அதை ஒட்டிய நெய்வேலி நகரியத்திலும் தேர்வு முடிவு வந்த அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடக்கும் கணக்கு இதுதான். கூட்டல் முடிந்த பிறகே உண்மையான கேள்வி எழுகிறது: இந்த 186 எங்கே செல்லும்?

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் செல்லும். மருத்துவத்துக்குச் செல்லாது; அங்கே நீட். என்.ஐ.டி.யில் இடம் பிடிக்க ஜே.இ.இ. நான்கு ஆண்டு பொறியியல் முடித்து, வீட்டு வாசலில் இருக்கும் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யிலேயே பட்டதாரிப் பயிற்சியாளராகச் சேரலாம் என்றால் கேட் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். நெய்வேலிக்காரர்களுக்குக் கேட் என்றால் நகரிய நுழைவாயிலான ஆர்ச் கேட்தான். இந்த இன்னொரு கேட் பின்னால் வந்து சேர்ந்தது.

பள்ளி மன அழுத்தம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புத்தகப் பையின் கனத்தையும் தேர்வுகளின் எண்ணிக்கையையும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. மதிப்பெண்ணை வேலையாக மாற்றும் விகிதம் நடுவழியில் மாறிக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரிய காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அண்மை வரலாற்றைப் பார்க்கலாம். 2007-இல் தமிழ்நாடு தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானது. பத்தாண்டு கழித்து, 2017-இல், மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கும் நல்ல முடிவு. ஆனால் அதே ஆண்டுதான் மருத்துவ இடங்கள் முழுக்க நீட்டின் கைக்குப் போயின. குழுமூர் மாணவி அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியிருந்தார். பழைய கணக்கில் மருத்துவக் கட்-ஆஃப் 196.75. அந்த எண் செல்லாமல் போன ஆண்டின் செப்டம்பர் முதல் நாள் அவர் உயிர் பிரிந்தது. அவர் குறைவாகப் படித்தார் என்று எவரும் சொல்ல முடியாது.

2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டு உருப்போட வைத்ததுதான் காரணம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. ஒரு தேர்வு குறைந்தது. பழைய குறுக்குவழி திரும்பி வராது என்பதற்கு என்ன உறுதி?

தேர்வே பகை என்பதும் சரியல்ல. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதும் சோதனை செய்தவர்களுக்கு 56. சின்னச் சின்னச் சோதனை படிப்பை நிலைக்க வைக்கிறது. ஒரே தாளில் வாழ்க்கையைப் பணயம் வைப்பதுதான் ஆளை நொறுக்குகிறது.

வடக்குத்து வட்டாரத்துக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 1956-இல் என்.எல்.சி. நிறுவனம் தோன்றி, 1960களில் பழுப்பு நிலக்கரி மேலே வந்த காலத்தில், நிலம் போனாலும் வேலை வரும் என்ற நம்பிக்கை இருந்தது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவருக்குப் பாதை கண்ணெதிரே தெரிந்தது. பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருகினார்கள். நிரந்தர வேலை போராட்டக் கோரிக்கையானது. 2022-இல் ஏறத்தாழ 300 பட்டதாரிப் பயிற்சியாளர் இடங்களைக் கேட் மதிப்பெண் கொண்டு நிரப்பும் அறிவிப்பு வந்தபோது முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். அகில இந்தியத் தேர்வு திறமையைச் சலித்தெடுக்கும் என்பது நிறுவனத்தின் பக்கம் உள்ள நியாயம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை அந்தச் சல்லடையில் எங்கே நிற்கிறான் என்பது ஊரின் கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஒரே 186 இரண்டு வீடுகளில் ஒரே விலைக்குப் போவதுமில்லை. நிரந்தர ஊழியர் வீட்டுப் பிள்ளை ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி நீட் எழுதலாம். ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் அந்த ஓராண்டு என்பது ஒரு சம்பளம் குறைவது.

விதி முன்கூட்டியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு சான்று. 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு என்பது தெளிவான கணக்கு. பதினோரு வயதில் தெரிந்துகொண்டு திட்டமிடலாம்.

இதே தெளிவு பத்தாம் வகுப்பு முடிவில் கிடைப்பதில்லை. டிப்ளமோ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேர முடியும் என்ற செய்தி, மதிப்பெண் குறைந்தவருக்கான ஆறுதலாகவே சொல்லப்படுகிறது. பிளஸ் ஒன் சேர்க்கை நாளில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா? பாலிடெக்னிக் விண்ணப்பம், அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்த பிறகே மேசைக்கு வருகிறது.