மத்திய ஆட்சிப் பங்கேற்பு விவாதம் (மார்க்சிஸ்ட் கட்சி)

நடுவண் கூட்டணி அரசில் சேரலாமா என்பது குறித்து, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்) 1996-இல் நடத்திய உட்கட்சி விவாதம். மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பிரதமராகும் வாய்ப்பு இதில் கைவிடப்பட்டது.

இதன் வேர் 1964-இல் உள்ளது. அவ்வாண்டு ஏப்ரலில் ஒன்றுபட்ட இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினர். பின்னர் கல்கத்தாவில் கூடிய மாநாடு புதிய கட்சித் திட்டத்தை ஏற்று, ஒன்பது பேர் கொண்ட அரசியல் தலைமைக்குழுவை அமைத்தது. ஜோதி பாசு, ஹர்கிஷன் சிங் சுர்ஜித், தமிழகத்தின் பி. ராமமூர்த்தி ஆகியோர் அதில் இருந்தனர். திட்டத்தின் 112-ஆம் பத்தி, மக்களுக்கு உடனடி நிவாரணம் தரக்கூடிய இடைக்கால அரசுகளில் கட்சி பங்கேற்கலாம் என்றது. அடிப்படைச் சிக்கல்களை அவை தீர்த்துவிடா என்றும் எச்சரித்தது. கேரளத்தில் 1957-இல் அமைந்த கம்யூனிஸ்ட் ஆட்சி 1959-இல் கலைக்கப்பட்ட பட்டறிவே இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருந்தது. 1967-இல் கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும், 1977 முதல் வங்க இடது முன்னணியிலும் கட்சி ஆட்சியில் பங்கேற்றது இப்பத்தியின் வழியில்தான். மாநிலத்துக்கு வகுத்த வழி மத்திய அரசுக்கும் பொருந்துமா என்ற கேள்வி 1996-இல் கூர்மையாக எழுந்தது.

அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. முன்னாள் பிரதமர் வி. பி. சிங் பிரதமர் பதவியை மறுத்ததால், காங்கிரஸ், பாஜக அல்லாத கட்சிகளின் ஐக்கிய முன்னணித் தலைவர்கள் பாசுவை அழைத்தனர். பொதுச்செயலாளர் சுர்ஜித்தும் பாசுவும் ஏற்கலாம் என்றனர். பிரகாஷ் காரத், சீதாராம் யெச்சூரி உள்ளிட்டோர் மறுத்தனர். 32 உறுப்பினர்களை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் வெளியிலிருந்து தரும் ஆதரவை நம்பி, கொள்கையை வழிநடத்த முடியாது என்பது அவர்கள் வாதம். மே மாதத்தில் மத்தியக்குழு இருமுறை விவாதித்து அழைப்பை நிராகரித்தது. தேவ கவுடா ஜூன் 1-இல் பிரதமராகப் பதவியேற்றார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைச்சரவையில் சேர்ந்தது. இந்திரஜித் குப்தா உள்துறையை ஏற்றார்.

தோற்ற கருத்தை உடைய பாசுவும் சுர்ஜித்தும் முடிவுக்குக் கட்டுப்பட்டனர். பெரும்பான்மை முடிவுக்குச் சிறுபான்மையும் கட்டுப்படும் ஜனநாயக மத்தியத்துவம் என்னும் அமைப்புமுறைக்கு இதைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. ஆயினும் 1997-இல் ஒரு நேர்காணலில் பாசு அம்முடிவை வரலாற்றுத் தவறு என்றார். 1998 கல்கத்தா மாநாடு முடிவைச் சரியென உறுதிசெய்தது. எனினும் 2000-இல் திருவனந்தபுரத்தில் திருத்தப்பட்ட திட்டம், சூழலைப் பொறுத்து மத்தியிலும் இத்தகைய அரசு அமைக்கலாம் என வாசலைத் திறந்தது. பாசு கேட்டதைக் கட்சி காலங்கடந்து ஏற்றுக்கொண்டது.

2004-இல் மன்மோகன் சிங் அரசை வெளியிலிருந்து ஆதரித்து, அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து 2008-இல் கட்சி விலகியது.