ஜின்சு ஆற்று வயல்களில் காட்மியம்

ஜப்பானின் தோயாமா மாநிலத்தில் பாயும் ஜின்சு ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கமியோகா சுரங்கத்தில் துத்தநாகக் கனிமம் பிரித்தெடுக்கப்பட்டபோது வெளியேறிய கழிவில் காட்மியம் என்னும் நச்சுக் கன உலோகம் கலந்திருந்தது. பாசன நீர் வழியே வயல்களில் படிந்த இவ்வுலோகம், அரிசியிலும் குடிநீரிலும் சேர்ந்து, சிறுநீரகத்தைப் பழுதாக்கி எலும்புகளை நொறுங்கச் செய்யும் ‘இதாய் இதாய்’ நோயை விளைவித்தது. 1968இல் ஜப்பானிய அரசு இதனை மாசினால் வந்த நோயென ஏற்றது. 1970இல் வேளாண் நிலங்களின் மண்மாசைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

காட்மியத்தைப் பொறுத்தவரை அச்சட்டம் மண்ணை விடுத்து நெல்மணியையே அளவுகோலாகக் கொண்டு, உமி மட்டும் நீக்கிய அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்னும் வரம்பை விதித்தது. நீர் நிறைந்த வயலில் காட்மியம் கந்தகத்துடன் இணைந்து கரையாத சல்பைடாகக் கிடக்கிறது. நீரை வடித்தால் காற்றுப் பட்டு அது கரைந்து வேருக்கு எட்டுகிறது. ஆகவே மண்ணிலுள்ள மொத்த அளவு ஒன்றாக இருந்தாலும், கதிர் வெளிவரும் பருவத்து நீர் நிர்வாகத்துக்கேற்ப அரிசியில் சேரும் அளவு மாறுபடும்.

நோயால் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில், 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சுரங்க நிறுவனமான மிட்சுயியே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. பின்னர், மாசுற்ற மேல்மண்ணை ஆழத்தில் புதைத்து, வேறிடத்துத் தூய மண்ணை அதன்மேல் பரப்பும் சீரமைப்புப் பணி பல பத்தாண்டுகள் நீடித்து 2012இல் நிறைவுற்றது.